வேலூரிலிருந்து ஐரோப்பாவுக்கு: குழுவாகச் சைக்கிள் ஓட்டப் போகும்முன்

கியரைப் பற்றி மாதக்கணக்கில் பேசிவிட்டு, பிரேக்கை மறந்து விமானம் ஏறுகிறவர்கள்தான் அதிகம். நம் ஊரில் வலது பிடி முன் பிரேக். பிரிட்டன் போன்ற ஓரிரு நாடுகள் நீங்கலாக ஐரோப்பாவில் இடது பிடிதான் முன் பிரேக். காரணம் எளிது. இங்கே எதிர் வண்டிகளைக் குறுக்கே கடந்து திரும்புவது வலப்பக்கம். வலக்கையை நீட்டினாலும் இடக்கையில் பின் பிரேக் இருக்கும். அங்கே சாலையின் வலப்புறம் ஓட்டுவதால் நீள்வது இடக்கை. வாடகை சைக்கிளில் பழக்கதோஷத்தில் இடப்பிடியை இறுக்கினால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே போவார்.

சொந்த சைக்கிள் என்றால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே இரண்டு பிரேக் கேபிளையும் பிடிகளில் இடம் மாற்றிப் பூட்டி ஓட்டிப் பழகுங்கள். கேபிள் பிரேக்குக்கு அரை மணி நேர வேலை. ஹைட்ராலிக் பிரேக்கில் குழாயைக் கழற்றி, காற்றெடுத்து, எண்ணெய் நிரப்ப வேண்டும், மெக்கானிக்கிடம் விடுங்கள். வாடகைக்கு எடுப்பவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டால் மாற்றித் தரும் கடைகளும் உண்டு.

வலப்புற ஓட்டத்தைச் சாலையில் பழகாதீர்கள், உயிர் போகும். காலையில் காலியான மைதானத்தில் சுண்ணாம்பால் ரவுண்டானா மாதிரி ஒரு வட்டம் போட்டு, கடிகார முள்ளுக்கு எதிராக 20 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் வெளியேறும்போது கை காட்டுங்கள். இடத்தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும் பழக்கம் இங்கேயே வரட்டும்.

ஏற்றத்துக்கு ஏலகிரி இருக்கிறது. பொன்னேரியிலிருந்து 14 ஹேர்பின் வளைவுகள். 12 கிலோ பையோடு ஏறுங்கள். மிதி நிமிடத்துக்கு 60 சுற்றுக்குக் கீழே இறங்கினால் கியர் கனமாக இருக்கிறது. முன்னே சிறிய பற்சக்கரத்தில் 34, பின்னே பெரிய பற்சக்கரத்தில் 34 பல் இருக்குமாறு மாற்றுங்கள். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் பிராட்டோ பக்கத்திலிருந்து 48 வளைவு, உயரம் 2,757 மீட்டர். உச்சியில் ஜூனிலும் குளிரும். வேர்த்த சட்டையோடு அப்படியே இறங்கினால் விரல் விறைத்து பிரேக் பிடிக்க முடியாது. காற்றுத் தடுப்புச் சட்டையும் முழுக் கையுறையும் பையின் மேலே இருக்கட்டும். அடியில் கிடந்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். வேலூர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள், முதல் இறக்கம்வரை.

இனி, குழு எப்படி வரிசையாகப் போகவேண்டும் என்ற விதி, நாட்டுக்கு நாடு மாறும். பெல்ஜியத்தில் 15 முதல் 50 பேர்வரை உள்ள குழு இருவர் இருவராகச் சாலையிலேயே போகலாம், சைக்கிள் பாதைக்குள் போகவேண்டிய கட்டாயம் இல்லை. 50-ஐத் தாண்டினால் வழிகாட்டிகளும் துணை வண்டிகளும் வேண்டும். ஜெர்மனியில் 15 பேருக்கு மேல் இருந்தால் குழு மொத்தமும் ஒரே வண்டி மாதிரி: முதல் ஆள் பச்சையில் நுழைந்துவிட்டால், நடுவில் சிவப்பு விழுந்தாலும் கடைசி ஆள்வரை போகலாம். ஆனால் இடைவெளி விட்டால் அந்தச் சலுகை போச்சு. ஸ்பெயினில் ரவுண்டானாவில் இதே வசதி உண்டு. ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம். பிரான்ஸில் இருவராகப் போகலாம், பின்னால் வண்டி முந்தப் பார்த்தால் ஒற்றை வரிசைக்கு வந்துவிட வேண்டும். இரவில் ஒற்றை வரிசைதான், ஊருக்கு வெளியே ஒளிரும் சட்டையும் போட வேண்டும். இத்தாலியில் ஊருக்கு வெளியே எப்போதும் ஒற்றை வரிசை.

ஆகவே "ஒத்தை!", "ரெட்டை!" என்று கடைசி ஆள் குரல் கொடுத்து மாற்றும் பழக்கத்தைக் காட்பாடி–குடியாத்தம் சாலையில் அதிகாலையிலேயே ஏற்படுத்துங்கள். அவரே "வண்டி!" என்று சொல்ல வேண்டும், முன்னால் போகிறவர் "பள்ளம்!" என்று. அங்கே ஹாரன் அடிப்பது கோபத்தைக் காட்டத்தான். நம் ஊர் மாதிரி "நான் வரேன்" என்று யாரும் அடிக்கமாட்டார்கள். முந்தும் வண்டி சத்தமில்லாமல் வரும்.

நெதர்லாந்தில் மேடு குறைவு, காற்று அதிகம். முன்னால் இருப்பவர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பின்னுக்குப் போகட்டும். பாதைச் சந்திப்புகளுக்கு எண் உண்டு. அன்றைய எண்களை வரிசையாகத் துண்டுத் தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டினால் வரைபடமே வேண்டாம். தரையில் வெள்ளை முக்கோணங்களின் கூர் உங்களைப் பார்த்திருந்தால் நீங்கள்தான் வழிவிட வேண்டும்.

எத்தனை பேர் போவது? 16 பேர் என்றால் ஜெர்மனியில் சலுகை, ஆனால் ரயிலில் சைக்கிளுக்கு இடம் கிடைக்காது. எட்டுப் பேர் போதும், ரயிலில் நாலு நாலாகப் பிரிந்து ஏறலாம். பெட்டியில் கட்டும்போது இடது மிதியைக் கடிகார முள் திசையில் கழற்றுங்கள். எதிர்ப்பக்கம் திருகி மரையைக் கெடுத்தால் மிதி பூட்டும் தண்டான கிராங்கையே மாற்ற வேண்டிவரும். பின் கியரைத் தாங்கும் சின்ன அலுமினியத் துண்டு ஒவ்வொரு மாடலுக்கும் வேறு வேறு. விமானத்தில் முதலில் வளைவது அதுதான். ஆளுக்கு ஒன்று உபரியாகக் கொண்டுபோங்கள். ஜெர்மனியில் ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், சோற்றுக்கு வேண்டியதையும் ட்யூபையும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.