‘கேயாட்டிக்’ என்னும் சொல்லை எங்கே வைப்பது?

பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கு, விடைத்தாள்களில் ஆண்டுதோறும் இடம் மாறி எதிர்ப்படும் சொல் ‘கேயாட்டிக்’ (chaotic). குழப்பமான, ஒழுங்கற்ற என்று அகராதி பொருள் தருகிறது. அது பிழையன்று, ஆனால் போதாது. நம் பக்கத்தில், முண்டியடித்துக்கொண்டு கூட்டம் ஏறும் பேருந்து நிலையத்தையும், சாமான் கழுவாமல் போட்டிருக்கும் அடுக்களையையும் ‘களேபரமா கெடக்கு’ என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் உண்டு. பேருந்து நிலையம் கேயாட்டிக். அடுக்களை வெறும் ‘மெஸ்ஸி’.

எழுதுமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே ஒரே நேரத்தில் பல காரியங்கள் நடந்துகொண்டிருக்கின்றனவா? அவற்றைக் கட்டுக்குள் வைத்திருக்க யாரும், எதுவும் இல்லையா? இரண்டுக்கும் ஆம் என்றால் கேயாட்டிக் தாராளமாகப் பொருந்தும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி ஜங்ஷன் பகுதிக்குள் தண்ணீர் புகுந்த அந்த நேரத்தில், மாடிக்கு ஏறுகிறவர்களும் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேட்டைத் தேடுகிறவர்களும் உறவுக்காரர்களைக் கூப்பிட்டுக் கிடைக்காமல் தவிக்கிறவர்களுமாக இருந்த தெருவைச் சொல்ல ‘தி ஸ்ட்ரீட் வாஸ் கேயாட்டிக்’ என்னும் வாக்கியம் மிகச் சரியானது. தண்ணீர் வடிந்த பிறகு அதே தெருவில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், தரையெல்லாம் சேறு, கவிழ்ந்து கிடக்கும் அரிசிப் பானை, நனைந்து உப்பிய பாடப் புத்தகங்கள். அங்கே இப்போது எதுவும் நடந்துகொண்டிருக்கவில்லை. நடந்து முடிந்ததன் மிச்சம் கிடக்கிறது. அந்த வீடு ‘மெஸ்ஸி’. சேதத்தின் அளவையும் உணர்த்த வேண்டுமானால் ‘இன் எ டெரிபிள் மெஸ்’. அதைக் கேயாட்டிக் என்று எழுதினால், வீட்டுக்குள் இன்னும் ஆட்கள் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருப்பதாகவே படிப்பவர் நினைப்பார்.

கூட்டமும் கூச்சலும் இருந்தாலே கேயாட்டிக் ஆகிவிடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நெல்லையப்பர் கோயிலின் ஆனித் தேரோட்டத்தை எழுதச் சொன்னால் மாணவர் பலர் இந்தச் சொல்லையே கையாளுகிறார்கள். எனக்கு அது வருத்தமாகவே இருக்கிறது. ரத வீதியில் நின்று கவனித்தவர்களுக்குத் தெரியும்: வடம் பிடிப்பவர்களின் இழுப்பு, சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு குனிந்து நிற்பவர்களின் கவனம், வேகம் மிகும்போதும் தேர் திரும்பும்போதும் அந்தக் கட்டை விழுகிற கணக்கு என்று எல்லாம் ஓர் ஒழுங்கில் நடக்கின்றன. அதற்கு ‘கிரௌடட்’, ‘நாய்ஸி’ என்னும் சொற்களே போதும். வடம் அறுந்து கூட்டம் நாலாபக்கமும் சிதறினால், அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் கேயாட்டிக் பொருந்தும்.

ஆளைக் குறிக்கும்போது இன்னும் கவனம் தேவை. தலை கலைந்து, சட்டை கசங்கி வருகிறவர் ‘டிஷெவல்ட்’. வேலையைத் திட்டமில்லாமல் செய்கிறவர் ‘டிஸ்ஆர்கனைஸ்டு’. சொன்ன நேரத்துக்கு வராமல், எடுத்ததை முடிக்காமல், நாளுக்கொரு திசையில் வாழ்க்கையை இழுத்துக்கொண்டு போகிறவரைத்தான் பேச்சு வழக்கில் கேயாட்டிக் என்பார்கள்.

இலக்கணத்தில் ஒரு பிழையே திரும்பத் திரும்ப வருகிறது. பெயர்ச்சொல்லான ‘கேயாஸ்’ எண்ண முடியாத சொல். ஆகவே ‘இட் வாஸ் எ கேயாஸ்’ என்று எழுதக்கூடாது, ‘இட் வாஸ் கேயாஸ்’ என்றே எழுத வேண்டும். உரிச்சொல்லோ ஒரு பெயருக்கு முன்னால் நிற்பதால், ‘எ கேயாட்டிக் ஸீன்’ என்பதில் அந்த ‘எ’ கட்டாயம் வரும். வினையடையாக்கும்போது ‘அல்லி’ (ally) என்று நான்கு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எழுதினாலும், உச்சரிப்பது ‘கேயாட்டிக்லி’ என்றுதான்.

‘சாவோட்டிக்’ என்று வாசிப்பதை விட்டுவிட வேண்டும். கிரேக்கத்திலிருந்து வந்த சொற்களில் சி, எச் சேர்ந்து பெரும்பாலும் ‘க’ ஒலியே தரும். கெமிஸ்ட்ரியும் கேரக்டரும் அப்படி வந்தவையே. கேயாஸ் என்பதில் அழுத்தம் முதல் அசையில். கேயாட்டிக் என்பதில் அது இரண்டாம் அசைக்கு, ‘யா’வுக்கு, நகர்ந்துவிடும். கிரேக்கத்தில் அந்த மூலச்சொல்லுக்கு, உலகம் உருவாகுமுன் வாய்பிளந்து கிடந்த வெறும்பாழ் என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் என்னும் அறிஞர் அதே சொல்லிலிருந்து உருவாக்கியதுதான் நாம் அடுக்களையில் அன்றாடம் சொல்லும் ‘கேஸ்’.

அறிவியல் மாணவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு. அவர்கள் பாடத்தில் கேயாட்டிக் என்றால் விதியே இல்லாதது என்று பொருளன்று; விதிக்கு முழுதும் கட்டுப்பட்டும், தொடக்கத்தில் நேரும் மிகச் சிறு வேறுபாட்டால் முடிவு அடியோடு மாறிவிடுவது. வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லாரன்ஸ் கணினியில் 0.506127 என்னும் எண்ணை 0.506 என்று சுருக்கிக் கொடுத்தபோது, சற்று நேரத்தில் முற்றிலும் வேறொரு வானிலை வந்து நின்றது. அதன் வழியே அவர் 1963இல் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய மாற்றங்களை ஆராயும் கேயாஸ் கோட்பாட்டுக்கு அடித்தளமானது. இயற்பியல் பாடத்தில் இச்சொல்லைக் கண்டால், அதை ‘ஒழுங்கற்ற’ என்று மொழிபெயர்க்காமல் ‘தொடக்க நிலைக்கு நுண்ணிதாக எதிர்வினை காட்டும்’ என்று விரித்து எழுதுங்கள்.