பழைய மான் பூங்காவைப் புதுப்பிக்கும் முறை: குமரி மழையையும் மண்ணையும் பார்த்து

புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருப்பது போன்ற திறந்தவெளி மான் பூங்கா பழசாகும்போது தரைதான் முதலில் கெடும். குமரி மாவட்டத்தில் ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும்; அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்கு மழை வந்துவிடும். புள்ளிமான்கள் தினமும் கூடுகிற தீவனத் தொட்டியடியில் செம்மண் குழைந்து, சாணமும் சேர்ந்து, காயாமலே கிடக்கும். குளம்பழுகலும் குடற்புழுவும் அங்கிருந்துதான் வரும். ஆகவே பார்வை மேடைக்குப் பணம் ஒதுக்கும் முன் வடிகாலுக்கு ஒதுக்குங்கள்.

மழைக்காலத்திலேயே அளவெடுங்கள். பெருமழை விட்ட மறுநாளும் தண்ணீர் நிற்கும் இடங்களில் முளைக்குச்சி அடித்து வரைபடத்தில் குறியுங்கள். மண்வேலையை ஜனவரி முதல் மே நடுப்பகுதிக்குள் முடித்துவிட வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அங்கீகாரம் பெற்ற பூங்காவானால், மாற்று வரைபடத்துக்கு மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் ஒப்புதலை முன்னதாகவே வாங்குங்கள். கோட்டை மதில் அருகே ஒரு தூண் குழி தோண்டுவதானாலும் முதலில் தொல்லியல் துறையிடம் கேளுங்கள்.

பழைய வேலியைப் பிரிக்கும் முன் தற்காலிகப் பட்டி தயாராக இருக்க வேண்டும். அதன் மூலைகளை வளைவாக அமையுங்கள். மிரண்ட மான்கள் கூர்மூலையில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கால் முறியும். மான்களை ஒருபோதும் விரட்டிப் பிடிக்காதீர்கள். மூச்சிரைக்க ஓடிய மானின் தசை சிதையும். அன்று நன்றாகத் தெரிந்த மான் சில நாள் கழித்துச் சாகும். பட்டிக்குள் பலா இலையும் அகத்தியும் வைத்து, கதவைத் திறந்தே விட்டு, இரண்டு மூன்று வாரம் பழக்குங்கள். தயக்கமில்லாமல் உள்ளே வந்து தின்னத் தொடங்கிய பிறகு, தீவன நேரத்தில் சத்தமின்றிக் கதவைச் சாத்தலாம். கொம்பு முற்றிய கிடாக்களுக்குத் தனிப்பட்டி வேண்டும்.

தீவன இடத்தில் 30 செ.மீ. ஆழத்துக்குச் சேற்று மண்ணை அள்ளிவிட்டு ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கைத் துணி) விரியுங்கள். மேலே 40 மி.மீ. ஜல்லி 22 செ.மீ., அதற்கு மேல் பாறைப்பொடி 8 செ.மீ. போட்டு இறுக்குங்கள். 50 அடிக்கு ஓர் அடி வீதம் வடிகால் பக்கம் சரிவு கொடுங்கள். துணியை விட்டால் ஜல்லி சீக்கிரமே மண்ணில் புதைந்துவிடும். செலவு மிச்சம் என்று பலர் விடுவது இதைத்தான். தொட்டிகள் பத்து மீட்டர் தள்ளித் தள்ளி இருக்கட்டும். வலுத்த கிடாக்களின் எண்ணிக்கையைவிட ஒரு தொட்டியாவது கூடுதலாக வேண்டும். இல்லாவிட்டால் கிடாக்கள் தொட்டியை மறித்து நிற்கும், பெண்மானும் குட்டியும் மெலியும்.

வேலி 2.4 மீட்டர் உயரம், வலைக்கண் அகலம் 5 செ.மீ. வலைக்கண் பெரிதானால் கொம்பு சிக்கும். தெருநாய் தோண்டி நுழையாதபடி அடிவலையை வெளிப்பக்கம் மடக்கி 60 செ.மீ. புதையுங்கள். கடற்காற்றில் சாதாரணக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த கம்பியே வாங்குங்கள். முள்கம்பி கூடவே கூடாது. புது வலை மான் கண்ணுக்குத் தெரியாது என்பதால் முதல் மாதம் முழுக்க முடைந்த தென்னை ஓலையைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

நிலத்தை மூன்றாகப் பிரித்து ஒன்றை எப்போதும் ஓய்வில் விட்டால் புல் மீளும். புது மரங்களுக்கு 1.8 மீட்டர் உயரக் கூண்டு போடுங்கள், இல்லையேல் பட்டையை உரித்துவிடும். பெருக்கத்தைக் கட்டுப்படுத்த ஆணையும் பெண்ணையும் பிரித்து வைக்கத் தனி அடைப்பை இப்போதே கட்டிவிடுங்கள். கூட்டம் பெருத்த பிறகு அதற்கு இடம் கிடைக்காது.