பாத்திரம் துடைக்கும் துணியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கழுவிய பாத்திரங்களைக் கூடையில் கவிழ்த்து வைத்து, நீர் வடிந்து தாமாக உலர விடுவதே நம் வீடுகளில் பெருவழக்கம். பெரும்பாலான பாத்திரங்களுக்கு அது போதும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் உணவகங்களுக்காக வெளியிடும் விதித்தொகுப்பும் கழுவிய பாத்திரங்களைத் துணியால் துடைக்காமல் காற்றில் உலர்த்தும்படியே கூறுகிறது. ஆயினும் துடைத்தே ஆக வேண்டிய பொருள்கள் ஒவ்வொரு சமையலறையிலும் சில உண்டு. இரும்புத் தோசைக்கல்லும் வாணலியும் அரிவாள்மனையும் ஓர் இரவு ஈரத்தோடு கிடந்தாலே துருப்பிடிக்கும். மரக்கரண்டியிலும் பூரிக்கட்டையிலும் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரைப் புழங்கும் வீடுகளில் கண்ணாடித் தம்ளர் மீதும் எவர்சில்வர் தட்டின் மீதும் நிற்கும் ஒவ்வொரு துளியும், தன்னுள் கரைந்திருந்த கால்சியம், மக்னீசிய உப்புகளை வெள்ளைப் புள்ளியாக விட்டுவிட்டே காயும். மிக்ஸி ஜாரின் அடிப்பகுதி, குக்கர் மூடியின் விளிம்பு, அடுத்த வேளையே மூடி வைக்க வேண்டிய டிபன் பாக்ஸ் ஆகியவற்றையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். இவற்றுக்கு எந்தத் துணி ஏற்றது என்பதே இங்கே பேசப்படுவது.

துணி வாங்கும்போது பலரும் கையால் தொட்டுப் பார்த்து, தடிப்பாகவும் மெத்தென்றும் இருப்பதே நன்றாக உறிஞ்சும் என்று முடிவு செய்கின்றனர். குளித்தபின் தலை துவட்டும் துண்டுக்கு அந்த அளவுகோல் பொருந்தும். பாத்திரத் துணிக்கோ இரண்டு வேகங்களைப் பார்க்க வேண்டும்: நீரை எத்தனை விரைவாக ஏற்கிறது, ஏற்ற நீரை எத்தனை விரைவாக விட்டுத் தானும் உலர்கிறது. இரண்டாவதே முக்கியமானது என்பது என் கருத்து. காலையில் நனைந்த துணி மாலை வரை ஈரமாகவே தொங்கினால், அதில் ஒட்டிய உணவுத் துகளும் ஈரமும் சேர்ந்து கிருமிகள் பெருக இடம் கொடுக்கும். புளித்த வாடை அடிப்பது அதனால்தான். அந்தத் துணியால் கழுவிய தட்டைத் துடைப்பதைவிடத் துடைக்காமல் விடுவது மேல்.

இந்தக் கணக்கில் முதலில் விழுவது தேங்காய்ப்பூத் துண்டு. அதன் பரப்பெங்கும் நிற்கும் சிறு வளைய இழைகள் நீரை ஏராளமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் பிடித்த நீரை எளிதில் விடாது. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களிலும், ஐப்பசி கார்த்திகை அடைமழையின்போது எல்லா ஊர்களிலும், வீட்டுக்குள் தொங்கும் தேங்காய்ப்பூத் துண்டு ஒரு நாளில் முழுமையாக உலர்வது அரிது. மேலும் அந்த வளையங்களுக்குப் பெரும்பாலும் முறுக்குக் குறைந்த நூலையே பயன்படுத்துவதால் பஞ்சுத் துகள் உதிர்ந்து தம்ளரில் ஒட்டும். கத்தி முனையும் கரண்டிக் காம்பின் கூரான விளிம்பும் வளையத்தில் மாட்டி இழையை உருவிவிடும். கழுவிய கையைத் துடைத்துக்கொள்ள அது ஒன்று தொட்டியருகே தொங்கலாம். பாத்திரத்துக்கு வேண்டாம்.

பாத்திரத் துணிக்கு மிகவும் ஏற்றது, வளையம் ஏதுமின்றித் தட்டையாக நெய்த, மெல்லிய, தூய பருத்தித் துணியே. அதற்காகத் தனியாக ஒன்றைத் தேட வேண்டியதுகூட இல்லை. ஈரோடு, பவானி, சென்னிமலை வட்டாரத்துக் கடைகளிலும், வார விடுமுறையில் நடைபாதையில் விரித்து விற்பவர்களிடமும் கிடைக்கும் ஈரிழைத் துண்டு இந்த இலக்கணத்துக்கு அப்படியே பொருந்துகிறது. இரண்டு நூல்களைச் சேர்த்து ஓட்டி நெய்வதால் மெல்லியதாக இருந்தும் உறுதி குறையாது. இழைகளுக்கிடையே காற்று புகும் இடைவெளி இருப்பதால் கொடியில் போட்ட சிறிது நேரத்திலேயே உலர்ந்துவிடும். கேரளத்துத் தோர்த்தும் ஏறத்தாழ இதே குணமுடையது. பொதுவாகக் கிடைக்கும் 30 அங்குல அகலமும் 60 அங்குல நீளமும் கொண்ட துண்டைக் குறுக்கே மூன்றாக வெட்டினால், 20 அங்குலத்துக்கு 30 அங்குலம் என்ற அளவில் மூன்று துணிகள் கிடைக்கும். பெரிய தாம்பாளத்தையும் ஒரே பிடியில் துடைக்கப் போதுமான அளவு இது. இதைவிடச் சிறியது இரண்டு பாத்திரத்திலேயே நனைந்துவிடும், பெரியது தரையில் புரளும். வெட்டுவதற்கு முன் துண்டை ஒரு முறை வெந்நீரில் அலசி உலர்த்திவிட வேண்டும், ஏனெனில் புதிய பருத்தி முதல் சலவையில் சுருங்கும். முதலில் வெட்டித் தைத்தால், தைத்த ஓரம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு துணி கோணிக்கொள்ளும். நீளவாக்கில் நெய்த கரை இருப்பதால் வெட்டிய இரு ஓரங்களை மட்டும் மடித்துத் தைத்தால் போதும்.

ஆயத்தமாக வாங்க விரும்புபவர்கள் கரூர்த் துணிகளைக் கவனிக்கலாம். படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு ஆகியவற்றை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் ஊர் அது. ஏற்றுமதியில் மிஞ்சியவையும் சிறு நெசவுக் குறையால் கழிக்கப்பட்டவையும் உள்ளூர்க் கடைகளுக்கு வருகின்றன. அவற்றில் தேன்கூட்டுக் கட்டம் போட்ட ‘வாஃபிள்’ நெசவுத் துணி கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். மேடும் பள்ளமுமான அந்தக் கட்டங்களால் நீரைத் தொடும் பரப்பு கூடுகிறது. பள்ளங்களின் வழியே காற்றும் எளிதில் புகுகிறது. ஆனால் சாதாரண நெசவைவிட இது அதிகம் சுருங்கும் என்பதால் தேவைக்குச் சற்றுப் பெரிதாகவே வாங்க வேண்டும். கைத்தறியா விசைத்தறியா என்பது இந்த வேலையைப் பொறுத்தவரை இரண்டாம் கேள்வியே. கைத்தறியைத்தான் வாங்குவது என்று முடிவு செய்திருப்பவர்கள் 2006-இல் அறிமுகமான கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். அல்லது கோ-ஆப்டெக்ஸ் போன்ற கூட்டுறவு விற்பனை நிலையங்களுக்குச் செல்லலாம்.

கடையில் செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நெசவு சீராக உள்ளதா, ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் விலகியும் உள்ளதா என்பது தெரியும். இரு கட்டைவிரல்களாலும் இழைகளை எதிரெதிராகத் தள்ளினால், தளர்ந்த நெசவாயின் இழைகள் நகர்ந்து இடைவெளி விடும்; அத்தகைய துணி நான்கு சலவைக்குமேல் உருவத்தோடு இருக்காது. துணியைத் துணியோடு அழுத்தித் தேய்க்கும்போது விரலில் மாவுபோல் ஏதேனும் படிந்தால் கஞ்சி கனமாக ஏற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். கஞ்சி, தளர்ந்த நெசவையும் விறைப்பாகக் காட்டும் என்பதால் அங்கே கூடுதல் கவனம் தேவை. பஞ்சு உதிருமா என்பதை அறிய, அடர்நிற உடையின் மீது துணியை நாலைந்து முறை தேய்த்துப் பார்ப்பதே எளிய வழி. கடைக்காரர் அனுமதித்தால் ஓரத்தில் ஒரு துளி நீர் விட்டுப் பார்க்கலாம். உடனே பரவினால் நல்லது. முத்துப்போல் நின்றது என்பதற்காக மட்டும் துணியைத் தள்ளிவிட வேண்டாம், ஏனெனில் கஞ்சியும் பருத்தியின் இயற்கை மெழுகும் அப்படி நிற்கச் செய்யும். அவை சலவையில் போய்விடக்கூடியவை.

போகாதது கலப்பு. பாலியெஸ்டர் கலந்த துணி பளபளப்பாகவும் கசங்காமலும் இருக்கும், விலையும் குறைவு. ஆனால் பாத்திரத்தின் மீதுள்ள நீரை இங்கிருந்து அங்கே தள்ளுமே தவிர உறிஞ்சாது. ஒரே சூழலில், பருத்தி காற்றிலிருந்து மட்டுமே தன் உலர் எடையில் ஏறத்தாழ 8.5 விழுக்காடு ஈரத்தை ஏற்கும்போது, பாலியெஸ்டர் ஏற்பது 0.4 விழுக்காடு அளவே. ‘ப்யூர் காட்டன்தான்’ என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள். வீட்டுக்கு வந்தபின் ஓரத்து இழை ஒன்றை உருவி, இடுக்கியால் பிடித்துத் தீக்காட்டினால் உண்மை தெரிந்துவிடும்: பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து, தொட்டால் பொடியும் மென்சாம்பலாகும்; பாலியெஸ்டர் சுருங்கி உருகிக் கெட்டியான மணியாக நிற்கும்.

மைக்ரோஃபைபர் துணியும் பெரும்பாலும் பாலியெஸ்டரும் பாலியமைடும் சேர்ந்ததே என்றாலும், அதன் மிக நுண்ணிய இழைகளின் இடுக்குகளில் நீர் ஏறி நிற்பதால் அது நன்றாகவே துடைக்கும். கண்ணாடித் தம்ளரைப் பளிச்சென்று ஆக்குவதில் அதற்கு நிகர் குறைவு. எண்ணெய்ப் பிசுக்கை அது விடாமல் பற்றிக்கொள்வதும், கொதிக்க வைத்து அலச முடியாததும், அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லின் மேல் தவறிப் பட்டால் உருகக் கூடியதும் குறைகள். ஆளிச் செடியின் நாரிலிருந்து வரும் லினன் கண்ணாடிக்கு இன்னும் சிறந்தது. இழை நீளமானது, பஞ்சு உதிராது. நம்மூரில் விலை அதிகம் என்பதால் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. நன்றாகத் துவைத்துப் பழகிய பருத்தி வேட்டி வீட்டில் இருந்தால், கஞ்சி போடாத நிலையில், கண்ணாடிக்கு அதுவே போதும். நைந்து இழை விடத் தொடங்கும் வரை பஞ்சு உதிராது.

வண்ணத்தைப் பொறுத்தவரை வெள்ளையே என் தேர்வு. அழுக்கு தெரிகிறது என்பதுதான் அதன் சிறப்பு; கருநீலத்திலும் பழுப்பிலும் அழுக்கு தெரியாமல் இருக்குமே தவிர இல்லாமல் இருக்காது. மஞ்சள் கறைக்கு அஞ்ச வேண்டாம். சோப்புப் பட்டதும் சிவந்து பயமுறுத்தினாலும், வெயிலில் கிடந்தால் அது வெளுத்துவிடும். வண்ணம் வேண்டுமென்றால் நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த கோடும் கட்டமும் நல்லவை. மேலே பூவும் பழமும் அச்சிட்ட துணிகளில், நிறமியைத் துணியோடு ஒட்ட வைக்கும் பசை அச்சுள்ள இடங்களில் படலமாகப் படிந்து உறிஞ்சும் திறனைக் குறைத்துவிடும்.

எடையைச் சொல்லி விற்கும் இணையக் கடைகளில் ‘ஜிஎஸ்எம்’ என்ற எண் தரப்பட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை அது. தட்டை நெசவுக்கு 130 முதல் 200 வரை இருந்தால் சரியாக இருக்கும். எண் தரப்படாத துணியைச் சமையலறைத் தராசிலேயே அளக்கலாம்: 50 செ.மீ.க்கு 75 செ.மீ. அளவுள்ள துணி 60 கிராம் இருந்தால் அதன் ஜிஎஸ்எம் 160.

வாங்கி வந்த துணியை அப்படியே பயன்படுத்தக் கூடாது. ஓர் இரவு நீரில் ஊறவைத்து அலசிய பின், சலவைச் சோடா ஒரு மேசைக்கரண்டி சேர்த்த நீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். கஞ்சியும் மெழுகும் அப்போதுதான் கழலும். வெளுக்காத காடாத் துணியாயின் நீர் தேநீர் நிறத்துக்கு மாறும். சாயம் ஏற்றிய துணியை மட்டும் முதலில் தனியாக ஊறவைத்து, சாயம் போகாது என்று உறுதி செய்துகொண்டு கொதிக்க வைக்கலாம். மூன்று சலவைக்குப் பின் துளிச் சோதனையை மறுபடி செய்தால், கடையில் முத்துப்போல் நின்ற நீர் இப்போது சட்டென்று பரவுவதைக் காணலாம். துணி மென்மையாக்கும் திரவத்தை மட்டும் பாத்திரத் துணியருகே கொண்டுவரக் கூடாது. அது இழைமேல் வழவழப்பான படலத்தைப் பூசி, கொதிக்க வைத்துப் பெற்ற உறிஞ்சும் தன்மையைத் திரும்பவும் கெடுக்கும்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு எட்டுத் துணிகள் இருந்தால் வசதி: வேளைக்கு ஒன்றாக நாளுக்கு இரண்டு, துவைத்து உலர்பவை இரண்டு, மடித்து வைத்தவை மீதி. தடித்த விலையுயர்ந்த துணி இரண்டு வாங்கும் பணத்தில் மெல்லியவை எட்டு கிடைக்கும். கண்ணாடிக்கும் எவர்சில்வருக்கும் ஒரு வகை, தோசைக்கல்லுக்கும் வாணலிக்கும் வேறு வகை என்று பிரிப்பது கட்டாயம், ஏனெனில் இரும்பைத் துடைத்த துணியில் எண்ணெயும் கரியும் ஏறிவிடும். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கைப்பிடித் துணியும் மேடை துடைக்கும் துணியும் இவற்றோடு கலக்கவே கூடாது. ஓரத்தில் வெவ்வேறு வண்ண நூலால் ஒரு தையல் போட்டுவிட்டால் வீட்டில் யார் எடுத்தாலும் மாறாது. பயன்படுத்திய துணியைக் குவியலாகப் போடாமல் விரித்துத் தொங்கவிட்டு, அன்றன்றே துவைத்து, இயன்றவரை வெயிலில் உலர்த்த வேண்டும். வாரம் ஒரு முறை கொதிநீரில் போட்டெடுத்தால் வாடை தங்காது. அப்படியும் வாடை போகாத துணியையும், துளி நீர் விட்டால் பரவாமல் நிற்கும் துணியையும் மேடை துடைக்க மாற்றிவிட்டு, அந்த இடத்துக்குப் புதிய ஒன்றைக் கொதிக்க வைத்து எடுத்துக்கொள்ளலாம்.