முதியோர் இல்லத்தில் இடம் பார்க்கும்போது விடும் பிழைகள்

எங்கள் பெரியம்மாவுக்கு இல்லம் தேடியபோது, கனடாவில் இருக்கும் அண்ணா வாட்ஸ்அப்பில் வந்த படங்களைப் பார்த்தே முடிவெடுத்துவிட்டார். வாசலில் குரோட்டன், பளபளக்கும் தரை, சாமியறை. எல்லாம் வடிவாகத்தான் இருந்தன. இரவு இரண்டு மணிக்குப் பெரியம்மா எழும்பிக் கழிவறைக்கு எப்படிப் போவார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

முதற் பிழை அதுதான். பழைய வீட்டை இல்லமாக மாற்றியிருந்தால் கழிவறை பின்விறாந்தை தாண்டி, கிணற்றடிப் பக்கம் இருக்கலாம். மாரியில் அந்த நிலம் பாசி பிடித்து வழுக்கும். ஆகவே விறாந்தைக் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு வராதீர்கள். கொடுக்கப்போகும் கட்டிலிலேயே ஒருக்கால் இருந்து பாருங்கள். கால் நிலத்தில் படுகிறதா? லைற் சுவிட்சுக்குக் கை எட்டுகிறதா? கழிவறை வரை எத்தனை படி, எத்தனை நிலைப்படி, பிடித்து நடக்க ஏதும் உண்டா? கொமட்டா, குந்தும் கழிவறையா? முழங்கால் நோவோடு இருப்பவருக்கு அறையின் அழகைவிட இவைதான் பெரிது.

பார்க்கப் போகும் காலமும் ஏமாற்றும். சோளகம் வீசும் ஆடியில் போனால் எந்த அறையும் குளிர்ச்சிதான். சித்திரை வெயிலில், சீற் போட்ட கூரையின் கீழே, மின்சாரம் நின்ற மத்தியானத்தில் அதே அறை அடுப்பு. கார்த்திகையில் யன்னலோரக் கட்டில் சாரலில் நனையும், நுளம்பும் பெருகும். அடிக்கடி போக முடியாவிட்டால் அங்கே இருப்பவர்களிடமே கேளுங்கள். நிர்வாகி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.

அடுத்தது தனி அறை மோகம். "அம்மாவுக்குத் தனி அறை எடுத்துக் கொடுத்தோம்" என்று சொல்வது பிள்ளைகளுக்கு மரியாதை. பெரியம்மாவோ வாழ்நாள் முழுக்க ஆட்களுக்கு நடுவில் பாய் விரித்துப் படுத்தவர். தனி அறையில் இரவெல்லாம் கதவைத் திறந்தே வைத்திருந்தாராம். பிறகு இரண்டு கட்டில் போட்ட அறைக்கு மாறினார். பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர். ஒருவருக்கு ஃபேன் வேண்டும், மற்றவருக்குக் குளிரும். ரேடியோச் சத்தத்துக்கும் சண்டை. ஆனாலும் ரீச்சர் ஒரு நாள் கிளினிக் போனால் பெரியம்மா படலையைப் பார்த்தபடியே இருப்பார். எல்லாருக்கும் இப்படி அமையாது, தனிமையை விரும்புகிறவர்களும் உண்டு. அதனால்தான் போகப்போகிறவரையே கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். பக்கத்துக் கட்டிலில் யார் என்பதையும் முன்பே கேட்க வேண்டும்.

வீட்டை உடனே வாடகைக்கு விடுவதும், வேறு பேருக்கு உறுதி எழுதிக் கொடுப்பதும் அவசரக் காரியம். மூன்று மாதமாவது வீட்டுத் திறப்பு அவர் கையில் இருக்கட்டும். பிடிக்காவிட்டால் திரும்பி வர ஓர் இடம் வேண்டுமே. நகைகளை இல்லத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். பழகிய சாய்மனைக் கதிரையையும் சாமிப் படத்தையும் கொண்டுபோக விடுவார்களா என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் சமைப்பார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள், சிலருக்கு அது ஒன்றே சாப்பாட்டை வெறுக்கப் போதும்.

இல்லம் பதிவு செய்யப்பட்டதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். முதியோருக்குத் தங்குமிடப் பராமரிப்பு வழங்கும் நிலையங்களின் பதிவு பற்றி இலங்கையின் 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பேசுகிறது. யாழ்ப்பாணம் கைதடியில் இருக்கும் அரச முதியோர் இல்லத்தைப் பற்றி யோசித்தால், முதலில் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் காண்பது நல்லது. காசு கட்டும் இல்லங்களின் கணக்கு வேறு.

நாங்கள் விட்ட பெரிய பிழையைக் கடைசியாகச் சொல்கிறேன். தன் வேலையைத் தானே செய்யக்கூடியவரை மட்டும் வைத்திருக்கும் இல்லங்கள் உண்டு. படுக்கையில் விழுந்தால் "கூட்டிக்கொண்டு போங்கள்" என்பார்கள். பெரியம்மா வழுக்கி விழுந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் எங்களுக்கு அது தெரிய வந்தது. இரவில் ஆள் நிற்க இல்லத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. வர வேண்டும் என்று நாங்கள் பேசி எழுதிக்கொள்ளவும் இல்லை. ஆறு இரவு நானும் மச்சாளும் மாறி மாறி நின்றோம். ஏழாம் நாள் ரீச்சர் வந்து பார்த்துவிட்டு, கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னார்.