காரில் எரிபொருளை மிச்சப்படுத்துவது எப்படி? புதிதாக ஓட்டுபவர்களுக்கு ஒரு செய்முறை

எரிபொருள் செலவைக் குறைக்க காரில் என்ன வாங்கி மாட்டலாம் என்றுதான் பலரும் முதலில் கேட்பார்கள். எதையும் வாங்க வேண்டாம். பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை போன்றவற்றை நம்பிப் பணத்தை விடாதீர்கள். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் உங்கள் வலது காலுக்குக் கீழே இருக்கிறது. ஆக்சிலரேட்டரைக் குறைவாக மிதிப்பதுதான் வழி என்று பலர் நினைக்கிறார்கள். பிரேக்கைக் குறைவாக மிதிப்பதுதான் அதைவிடப் பெரிய வழி என்பது என் கருத்து.

படி 1: இப்போதைய மைலேஜைக் கணக்கிடுங்கள்

டேங்கை நிரப்பச் சொல்லுங்கள். குழாய் தானாக நின்றதும் போதும். அதற்கு மேல் வற்புறுத்தி ஊற்ற வேண்டாம். டேங்கின் ஆவியைப் பிடித்து வைக்கும் பகுதிக்குள் பெட்ரோல் புகுந்து அதைக் கெடுத்துவிடலாம். ஓடிய தூரத்தைக் காட்டும் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். டேங்க் பாதிக்குக் கீழே இறங்கும்வரை வழக்கம்போல ஓட்டிவிட்டு, மறுபடியும் அதேபோல நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இப்போது ஊற்றிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ் கிடைக்கும். 450 கிலோமீட்டர் ஓடி 30 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 15.

ஒரு முறை பார்த்ததை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். இரண்டு மூன்று முறை பார்த்து சராசரி எடுங்கள். டேஷ்போர்டில் தெரியும் எண் ஓட்டும்போது கண்காணிக்க உதவும், ஆனால் கணக்குக்கு இந்த முறைதான் நம்பகமானது.

படி 2: டயரில் காற்று

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் காருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது அதில் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்து நிரப்பிவிடாதீர்கள். கார் சில மணி நேரம் நின்றபிறகு, டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிய சூட்டில் அளந்தால் எண் கூடுதலாகக் காட்டும்.

நான்கு டயரிலும் ஒவ்வொரு பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும்போதும் எரிபொருள் செலவு தோராயமாக 0.2 சதவீதம் கூடும். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் ஆறேழு பிஎஸ்ஐ இறங்கிவிடும், டயரும் ஓரத்தில் தேய்ந்து சீக்கிரம் போய்விடும். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

படி 3: பிரேக்கை மிதிக்காமல் ஓட்டப் பழகுங்கள்

இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.

கார் ஓடும் வேகம் முழுவதும் எரிபொருளைக் கொடுத்து வாங்கியது. பிரேக்கை அழுத்தினால் அந்த வேகம் சூடாக மாறி, சக்கரத்தின் வழியே காற்றில் கலந்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால் காருக்குள் இருக்கும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. அதனால் மணிக்கு 30 கிலோமீட்டரில் போய் நிறுத்துவதைவிட 60-இல் போய் நிறுத்தினால் நான்கு மடங்கு வீணாகிறது.

சரி, சிக்னலில் நிற்காமல் எப்படிப் போவது? நிற்க வேண்டிய இடத்தில் நிற்கத்தான் வேண்டும். கேள்வி, காலை எப்போது எடுக்கிறோம் என்பதுதான். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிகிறது. பலர் அதே வேகத்தில் அருகே போய் பிரேக்கை அழுத்துவார்கள். நீங்கள் விளக்கைப் பார்த்த உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கியர் அப்படியே இருக்கட்டும். கார் தானாக வேகம் குறைந்துகொண்டே போகும். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் பச்சை விழுந்துவிட்டால் இன்னும் நல்லது: 20-இல் உருளும் காரை மறுபடி வேகமெடுக்க வைப்பது, நின்றுபோன காரைக் கிளப்புவதைவிட மலிவு.

கியரில் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைய இன்ஜெக்‌ஷன் இன்ஜினில், கார் கியரில் ஓடும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டுவிட்டால், இன்ஜினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அதை ஊற்றுவதையே நிறுத்திவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. ஆர்பிஎம் (இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுற்றும் எண்ணிக்கை) ஐட்லிங் அளவுக்கு, அதாவது கார் நின்றபடி இன்ஜின் ஓடும் அளவுக்குப் பக்கத்தில் இறங்கும்வரை செலவு பூஜ்யம். நியூட்ரலுக்குப் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் குடிக்க ஆரம்பிக்கும். நியூட்ரலில் உருட்டுவது, இன்ஜெக்டர் வருவதற்கு முந்தைய கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இறக்கத்தில் அப்படிச் செய்வது ஆபத்தும்கூட, இன்ஜின் பிடித்து நிறுத்தும் பலம் போய்விடும். சாவியை அணைத்து இறக்கத்தில் விடுவதை யார் சொல்லிக் கொடுத்தாலும் செய்யாதீர்கள். பவர் ஸ்டீயரிங் போய்விடும், பிரேக் கல்லாகிவிடும்.

இதற்கெல்லாம் முன்வண்டியிடமிருந்து இடைவெளி வேண்டும். முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள். நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வர மூன்று விநாடியாவது ஆக வேண்டும். அந்த இடைவெளிக்குள் யாராவது நுழைவார்கள், நுழையட்டும். மறுபடி கொஞ்சம் பின்வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: கியரைச் சீக்கிரம் மாற்றுங்கள்

மேனுவல் காரில், பெட்ரோல் இன்ஜின் என்றால் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்முக்குள்ளும், டீசல் என்றால் 1,500 முதல் 2,000-க்குள்ளும் அடுத்த கியருக்குப் போய்விடலாம். இன்ஜின் உதறினாலோ முனகினாலோ சீக்கிரம் மாற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம், ஒரு கியர் கீழே வாருங்கள். ஆட்டோமேட்டிக் காரில் வேகமெடுத்தபின் காலை லேசாகத் தளர்த்தினால் கியர் பெட்டி தானே மேல் கியருக்குப் போகும்.

மிச்சம் பிடிக்கிறேன் என்று எறும்பு ஊர்வதுபோல வேகமெடுக்கவும் வேண்டாம். அப்படிச் செய்தால் கீழ் கியரிலேயே நெடுநேரம் ஓட வேண்டியிருக்கும். மிதமாக, தயங்காமல் வேகமெடுத்து மேல் கியருக்குப் போய் அங்கே நிலையாக ஓட்டுங்கள்.

படி 5: நெடுஞ்சாலையில் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள்

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருபடியாகக் கூடுகிறது. 80-இலிருந்து 100-க்குப் போனால் வேகம் கூடியது 25 சதவீதம், காற்றின் எதிர்ப்பு கூடியதோ சுமார் 56 சதவீதம். இதில் மிச்சமாகும் நேரத்தையும் பாருங்கள்: 20 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க 80-இல் 15 நிமிடம், 100-இல் 12 நிமிடம். மூன்று நிமிடத்துக்காக இவ்வளவு கொடுக்க வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் யோசியுங்கள்.

காற்று எதிர்ப்பைக் குறைக்கிறேன் என்று லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவது மட்டும் கூடவே கூடாது. அதில் மிச்சமாகும் எரிபொருளுக்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

கூரையில் சாமான் கட்டும் கேரியரோ பெட்டியோ இருந்தால், வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். காலியாக இருந்தாலும் அது காற்றைத் தடுக்கும். டிக்கியில் கிடக்கும் தேவையற்ற சுமையையும் இறக்கிவிடலாம், ஆனால் ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கட்டும்.

படி 6: நின்றபடி இன்ஜினை ஓட விடாதீர்கள்

நிற்கும் கார் ஒரு கிலோமீட்டர்கூட நகராமல் எரிபொருளைக் குடிக்கிறது. ரயில்வே கேட், யாருக்காவது காத்திருப்பது போன்ற நேரங்களில், ஓரமாக நிறுத்திய பின் இன்ஜினை அணைத்துவிடுங்கள். காலையில் கிளம்பும்போது ஐந்து நிமிடம் சூடாக்குவதும் தேவையில்லை. அரை நிமிடத்தில் கிளம்பி, முதல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் இன்ஜின் இன்னும் வேகமாகச் சூடாகும்.

குளிர்ந்த இன்ஜின் அதிகம் குடிக்கும் என்பதால், தனித்தனியாக மூன்று முறை வெளியே போவதைவிட மூன்று வேலையையும் ஒரே சுற்றில் முடிப்பது மேல். பக்கத்துத் தெருவுக்கு நடந்தே போய்விடலாம்.

ஏசி விஷயத்தில், ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கண்ணாடியை இறக்கிக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போடுங்கள். வெயிலில் நின்ற காரில் முதலில் கதவுகளைத் திறந்து அனலை வெளியே விட்டு, அப்புறம் ஏசியைப் போட்டால் அதன் வேலை குறையும்.

படி 7: மறுபடி அளந்து பாருங்கள்

சில டேங்க் ஓட்டியபின் முதல் படியில் செய்த கணக்கை மறுபடி போடுங்கள். நெரிசல், பருவநிலை எல்லாம் மைலேஜை மாற்றும் என்பதால், ஒரே மாதிரியான ஓட்டங்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

நன்றாக ஓட்டியும் மைலேஜ் திடீரென்று சரிந்தால் கோளாறு காரில் இருக்கலாம். ஓட்டி நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தால் வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்க்க வேண்டும். டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் பழுதானால் கார் வழக்கம்போல ஓடிக்கொண்டே, தேவைக்கு மேல் எரிபொருளை ஊற்றிக்கொண்டிருக்கலாம். மெக்கானிக்கிடம் போகும்போது உங்கள் மைலேஜ் கணக்கையும் எடுத்துப் போங்கள். எந்த வாரத்தில் குறையத் தொடங்கியது என்று தெரிந்தால் அவருக்குத் தேடுவது சுலபம்.