வேண்டியவர், வேண்டாதவர் பாராமல் மாவட்ட இளையோர் அணியைத் தேர்ந்தெடுக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரில் 12 வயதுக்குட்பட்ட மாவட்டக் காற்பந்து அணிக்கு ஆள் எடுக்கும்போது, பயிற்றுநர், தேர்வாளர், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், ஜெர்சி வாங்கிக் கொடுக்கும் கடைக்காரர் என எல்லாரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சானாகவோ பழைய ஆட்டக்காரர்களாகவோ இருப்பார்கள். எனவே உறவே இல்லாத தேர்வாளரைத் தேடி அலைவதைவிட, உறவு நுழைய இடமில்லாதபடி வேலையை அமைத்துக்கொள்வதே நடக்கக்கூடிய காரியம்.

எந்தெந்தத் திறனுக்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்னதாகவே எழுதி எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பிவிட வேண்டும். தேர்வை வேலை நாள் பிற்பகலில் நகரத் திடலில் வைத்தால், செம்பனைத் தோட்டத்தின் உட்பகுதியில் வசிக்கும் பையனைப் பெயர்கூடக் கேட்காமல் நீக்கிவிட்டோம் என்றே பொருள். ஞாயிறு காலையில் வைத்து, தோட்டங்களுக்கு வேன் அனுப்பி, காலணி இல்லாதவர்களுக்கு இரவலாகக் கொடுக்கச் சில ஜோடிகளையும் வைத்துக்கொள்ளுங்கள்.

திடலில் பள்ளி ஜெர்சியைக் கழற்றச் சொல்லிவிட்டு, குலுக்கல் முறையில் எண் பொறித்த மேற்சட்டைகளைக் கொடுத்து, பல பள்ளி மாணவர்களையும் கலந்து ஆட விட வேண்டும். சிறிய ஊரில் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் முகம் எல்லாருக்கும் தெரியும் என்பதால், இது மட்டும் போதாது. தேர்வாளர் மூவரும் கலந்து பேசாமல் தனித்தனியே மதிப்பெண் இட வேண்டும். தம் பள்ளி மாணவனுக்கும் உறவுக்காரப் பிள்ளைக்கும் இடக்கூடாது. மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் காரணமும் வேண்டும். ‘நன்றாக ஆடினான்’ என்ற குறிப்பை ஏற்காதீர்கள். ‘இடது காலால் பந்தை அடக்கி, தலை நிமிர்ந்து பார்த்த பிறகே அனுப்பினான்’ என்பது போலக் கண்ணால் கண்டதை எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுத வேண்டியிருந்தால், கிராணியார் (தோட்ட அலுவலக எழுத்தர்) மகனாயிற்றே என்று மதிப்பெண்ணைக் கூட்டிப் போடும் கை சற்றுத் தயங்கும்.

யாரும் அறிந்து செய்யாத பாரபட்சம் ஒன்றும் உண்டு. வயதுப் பிரிவைப் பிறந்த ஆண்டை வைத்துக் கணக்கிடும்போது, ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஓராண்டு மூத்தவன். அந்த வயதில் ஓராண்டு என்பது உயரத்திலும் வேகத்திலும் பெரிய வித்தியாசம். கனடாவின் பனி ஹாக்கி அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுந்திருந்ததை ஆய்வாளர் ரோஜர் பார்ன்ஸ்லி 1980களில் எடுத்துக்காட்டினார். ஆகவே பட்டியல் தயாரானதும் பிறந்த மாதங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். ஆண்டின் முற்பகுதியிலேயே பெயர்கள் குவிந்திருந்தால், விடுபட்ட சின்னப் பையன்களை இன்னொரு முறை ஆட விட்டுப் பார்ப்பது நியாயம்.

ஜெர்சி கொடுப்பவரிடம், அவர் கடைப் பெயர் ஜெர்சியில் வரும், ஆனால் பட்டியலில் அவருக்கு உரிமையில்லை என்பதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். முடிவுகளை எண்வாரியாக, மதிப்பெண்ணோடு பள்ளி அறிவிப்புப் பலகைகளில் ஒட்டுங்கள். மறுப்பு இருந்தால் பெற்றோர் எழுத்தில் தரட்டும். அதைப் பக்கத்து மாவட்டப் பயிற்றுநர் ஒருவர் பார்த்து, பயிற்சி தொடங்கும் முன் எழுத்திலேயே பதில் தர வேண்டும். அதுவரை அணியில் இரண்டு இடங்களை நிரப்பாமல் வைத்திருங்கள்.