காற்று விழுந்த இரவில் கொழும்பு எஃப்எம் பிடிப்பது எப்படி

எங்கள் ஊர் திருச்செந்தூருக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி. பங்குனி மாதம் சாயங்காலம் வலை காயப்போட்டுவிட்டு வரும் பக்கத்து வீட்டுத் தம்பி வாசலில் நின்று, "அண்ணே, இன்னைக்குக் கடல் எண்ணெய் ஊத்துன மாதிரி கிடக்கு" என்று சொன்னால் எனக்கு அது போதும். சீக்கிரமே சாப்பிட்டுவிட்டு ரேடியோவோடு மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். அன்றைக்குக் கொழும்பு கேட்கும்.

இந்தப் பழக்கம் டிவியில் தொடங்கியது. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி வந்தது. கொடைக்கானல் ஒளிபரப்பு வருவதற்கு முன்னால் எங்கள் கரைப்பக்கத்து வீடுகளில் டிவி என்றாலே ரூபவாஹினிதான். சித்தப்பா மாடியில் நின்று மீன்முள் ஆன்டெனாவைத் திருப்புவார். "இப்ப? இப்ப தெரியுதா?" கீழே நாங்கள், "இன்னும் கொஞ்சம் சித்தப்பா... நில்லுங்க நில்லுங்க... போச்சு!" சில நாள் திரை முழுக்கப் பூச்சி பறக்கும். சில நாள் பக்கத்துத் தெருவில் இருந்து வருவதுபோல் படம் தெளிவாக நிற்கும். ஆன்டெனா அதேதான், டிவியும் அதேதான். அப்புறம் ஏன் இப்படி என்று அன்று யாருக்கும் தெரியாது.

கணக்குப் போட்டால் புரியும். ரூபவாஹினியின் கோபுரம் பிதுருதலாகல மலை மேல் இருந்தது, உயரம் 2,524 மீட்டர். எஃப்எம், டிவி அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிறவை. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.1ஆல் பெருக்கினால் அலை எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். அந்த மலைக்கு ஏறத்தாழ 206 கி.மீ. நம் மாடி 10 மீட்டர் என்றால் இன்னும் 13 சேரும். எங்கள் ஊருக்கு அங்கிருந்து 330 கி.மீ. மிச்சம் 110 கி.மீ.யை அலை எப்படித் தாண்டியது?

காற்றுதான் தாண்டவைத்தது. வழக்கமாக மேலே போகப் போகக் காற்று குளிரும். ஆனால் நிலத்தில் சூடேறிய உலர்ந்த காற்று சில நாள் கடல் மேல் நகர்ந்து, கீழே உள்ள குளிர்ந்த ஈரக்காற்றின் மீது போர்வை மாதிரி படுத்துக்கொள்ளும். மேலே ஏறப் பார்க்கும் அலை அந்தப் போர்வையில் வளைந்து கீழே வரும், கடல் மட்டத்தை ஒட்டியே ஓடும். குழாய்க்குள் தண்ணீர் போவதுபோல நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும். காற்று பலமாக அடித்தால் இரண்டும் கலந்து குழாய் உடைந்துவிடும். அதனால்தான் ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது நான் முயற்சியே செய்வதில்லை. மாசி முதல் சித்திரை வரைதான் எனக்கு அறுவடைக் காலம். பொழுது சாய்ந்த பிறகும், விடியுமுன்னும் உட்காருங்கள்.

விலை உயர்ந்த பெட்டி வேண்டாம். பேட்டரியில் ஓடும் ஒரு எஃப்எம் ரேடியோ, அதன் ஏரியலை 75 செ.மீ. நீட்டினால் தொடங்கிவிடலாம். ஆசை கூடினால் ஒரு ஆன்டெனா செய்துகொள்ளுங்கள். 71 செ.மீ. அலுமினியக் குழாய் இரண்டை ஒரே கோட்டில், நடுவில் 2 செ.மீ. இடைவெளி விட்டு மரச்சட்டத்தில் கட்டுங்கள். கேபிள் டிவி ஒயரின் உள்கம்பி ஒரு குழாய்க்கு, வெளிவலை மற்றொன்றுக்கு. 60 செ.மீ. பின்னால் ஒன்றரை மீட்டர் முழுக்குழாய் ஒன்று, அதற்கு ஒயர் கிடையாது. ஒயர் இருக்கும் பக்கம் கொழும்பைப் பார்க்கவேண்டும். எங்களுக்கு அது நேர் தென்கிழக்கு, உங்கள் ஊருக்கு வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மின்கம்பி அருகே குழாயை நிமிர்த்தவே நிமிர்த்தாதீர்கள். இடி மின்னல் இருந்தால் இறங்கி வந்துவிடுங்கள்.

உள்ளூர் நிலையம் இருக்கும் இடத்தில் தேடாதீர்கள். எஃப்எம்மில் இரண்டு நிலையம் கலந்து கேட்காது, பலமானது மற்றதை விழுங்கிவிடும். காலியாக இரைச்சல் மட்டும் கேட்கும் இடங்களை முன்னரே குறித்துவைத்து, அங்கேதான் காத்திருக்கவேண்டும். ஸ்டீரியோவை மோனோவுக்கு மாற்றினால் இரைச்சல் பாதி அடங்கும். முதலில் இரைச்சல் லேசாக மெலியும், அப்புறம் ஒரு குரல் மூச்சு வாங்கி எழுவதுபோல் வரும். அந்த நிமிடத்துக்காகத்தான் இத்தனை வருடமாக மாடி ஏறுகிறேன்.

கேட்டது எது என்று உறுதி செய்வதில் அவசரப்படாதீர்கள். சூரியன் எஃப்எம் என்று கேட்டவுடன் எழுதிவிடக்கூடாது. அந்தப் பெயரில் இங்கேயும் ஒன்று, அங்கேயும் ஒன்று. முன்பு நேரம் சொல்வதை வைத்துப் பிடித்துவிடலாம், இலங்கைக் கடிகாரம் அரைமணி முன்னால் ஓடியது. 2006இல் அவர்களும் நம் நேரத்துக்கு வந்துவிட்டதால் அந்த வழி அடைபட்டது. இப்போது நான் விளம்பரத்துக்குக் காத்திருக்கிறேன். தொலைபேசி எண்ணில் 'பூச்சியம் ஏழு ஏழு' என்று படித்தாலோ, 'மரண அறிவித்தல்' என்று குரல் தணிந்தாலோ சந்தேகமே வேண்டாம், அது இலங்கைதான். தேதி, நேரம், அலைவரிசை, கேட்ட சொற்கள், அன்றைய காற்று, எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். காற்றை எழுத மறந்தால் அந்தக் குறிப்பால் அடுத்த வருடம் பயனில்லை.

கடலோரத்தில் இல்லாதவர்களுக்கு மீடியம்வேவ் (பெட்டியில் AM என்று போட்டிருக்கும்) இருக்கிறது. பகலில் வெயில் வானத்தில் 60 முதல் 90 கி.மீ. உயரத்தில் ஒரு அடுக்கை உண்டாக்கும், அது அந்த அலைகளை உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் அடுக்கு கலையும், அலைகள் இன்னும் மேலே போய்ப் பட்டுத் திரும்பி, வெகுதூரத்தில் இறங்கும். வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள், எல்இடி பல்பும் சார்ஜரும் எழுப்பும் இரைச்சல் நின்றுவிடும். பெட்டியைப் படுக்கைவாட்டில் மெதுவாகச் சுற்றுங்கள். உள்ளே ஏரியலாக உள்ள ஃபெரைட் கம்பியின் முனை எந்த நிலையத்தை நோக்குகிறதோ அது அமுங்கும். தொந்தரவு தரும் நிலையத்தின் பக்கம் முனையைத் திருப்பினால், அடியில் இருக்கும் இன்னொன்று மேலே வரும்.

போன பங்குனியில் ஒரு இரவு பத்தரை மணிவரை ஒரு சிங்களப் பாட்டு நிகழ்ச்சி தடங்கலின்றி ஓடியது. பாதிப் பாட்டில் கொடியில் காய்ந்த துண்டு அசைந்தது. அடுத்த சில நிமிடங்களில் இரைச்சல் ஏறி மூடிவிட்டது. நோட்டில் 10.34 என்று எழுதி, 'காற்று எழுந்தது' என்று பக்கத்தில் குறித்துவிட்டு இறங்கினேன்.